துளைக்கேற்ற துரப்பணம்

காஞ்சிபுரத்திற்கும் ஆரணிக்கும் இடையே, செய்யாற்றின் கரையிலும் அதனை அடுத்த சிற்றூர்களிலும் வாழும் பட்டு நெசவாளர்களுக்கு வீடும் தொழிற்சாலையும் ஒன்றேயாகும். தறி நிற்கும் கூடத்திலேயே குடும்பத்தின் வாழ்வெல்லாம் நடைபெறுகிறது. தறியில் ஒரு சட்டம் தளர்ந்தாலும், ஜக்கார்டுப் பெட்டியைத் தாங்கும் இரும்பில் ஒரு போல்ட்டு கழன்றாலும், சுவரில் ஒரு விளக்கு மாட்ட வேண்டியிருந்தாலும், தச்சரும் கொல்லரும் வரும்வரை காத்திருந்து ஒரு நாள் கூலியை இழக்க நம்மால் இயலுவதில்லை. நாமே கருவியைக் கையில் எடுக்கிறோம். செய்யார் வட்டாரத்து உழவர்களின் நிலையும் இதுவே. மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பலகை பொருத்துவதும், நீர்க்குழாயில் துளையிடுவதும், தகரக் கூரையைச் சீர்செய்வதும் அவர்கள் தாமே செய்துகொள்ளும் வேலைகள்.

இவ்வேலைகள் யாவற்றிலும் பெரும்பாலும் முதலில் வருவது துளையிடுதல். முன்பு தச்சர் வீட்டில் மட்டும் இருந்த துளைக்கருவி இன்று மின்சாரத்தால் இயங்கும் சிறு இயந்திரமாக மாறிக் கடைத்தெருவில் எளிதில் கிடைக்கிறது. வாங்குவது எளிதாகிவிட்டது. ஆனால் எந்தத் துளைக்கு எந்தக் கருவி என்ற அறிவு அதனோடு சேர்ந்து வீட்டிற்கு வந்துவிடவில்லை. நெசவாளனுக்குப் பத்து விரல்களே மூலதனம். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சிடும் விரல் நுனிக்கு ஒரு காயம் நேர்ந்தால் தறி நின்றுவிடும். ஆதலின் இது தச்சருக்கு மட்டும் உரிய விஷயம் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது.

ஒரு சொந்த அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், தறியின் மிதிப்பலகைக்கு ஓர் இரும்புப் பட்டை பொருத்த எண்ணி, நண்பர் ஒருவரிடம் பெரிய டிரில் இயந்திரத்தை இரவல் வாங்கி வந்தேன். மாலை மங்கிய நேரம். பிட் மழுங்கியிருந்தது. அதனை மாற்றச் சோம்பி, உடல் பலம் முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். பட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். துளை மறுபுறம் திறக்கும் கணத்தில் பிட் இரும்பைக் கவ்விக்கொண்டது. பட்டை காற்றாடிபோல் சுழன்று கட்டைவிரலின் அடியைக் கிழித்தது. ஐந்து தையல் போட்டார்கள். ஒரு மாத காலம் நாடாவைத் தொட இயலவில்லை. கலியாணத்திற்கென்று ஒப்புக்கொண்ட சேலை உரிய நாளில் போய்ச் சேரவில்லை.

அன்று நான் செய்த பிழைகள் நான்கு. வேலைக்கு மிஞ்சிய இயந்திரத்தை எடுத்தது முதற்பிழை. மழுங்கிய பிட்டைக் கொண்டு அழுத்தியது இரண்டாவது. பொருளை இறுகப் பிணிக்காமல் கையால் பிடித்தது மூன்றாவது. வெளிச்சம் போன நேரத்தில் அவசரப்பட்டது நான்காவது. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொல்லிவைத்ததை நான் தையல் போட்ட பின்னரே உணர்ந்தேன். அன்பர்கள் அவ்வாறு உணர வேண்டியதில்லை என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

பழைய கலை, புதிய கருவி

துளையிடுதல் மிகப் பழைய கலையாகும். கொங்கு நாட்டில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்மணிகளில் நுண்ணிய துளையிட்டுக் கோத்த பட்டறைகள் இருந்தன என்பதை அகழ்வாய்வுகள் காட்டியுள்ளன. நம் தச்சர்களின் துரப்பணமும் அத்தகைய பழமை வாய்ந்தது. ஒரு கட்டையின் நுனியில் இரும்பு முனை. கட்டையைச் சுற்றி வில்லின் கயிறு. மேலே உள்ளங்கையால் அழுத்தும் குமிழ். வில்லை முன்னும் பின்னும் இழுக்க, முனை இருபுறமும் சுழன்று மரத்தைச் சுரண்டித் துளைக்கும்.

இன்று நாம் பயன்படுத்தும், முறுக்கிய பள்ளங்கள் உள்ள இரும்புப் பிட் அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் என்பவரால் 1860-களில் உரிமை பெறப்பட்டது. வெட்டப்பட்ட துகள் அப்பள்ளங்களின் வழியே தானே மேலேறி வெளிவரும் என்பதே அதன் சிறப்பு. மின்சாரத்தால் இயங்கும் துளைக்கருவிக்கு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1889-இல் உரிமை பெற்றனர். கைத்துப்பாக்கிபோல் பிடியும் விசையும் உள்ள இன்றைய வடிவத்திற்கு 1917-இல் அமெரிக்காவில் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனத்தார் உரிமை பெற்றார்கள்.

நெசவாளருக்குத் துளையின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-இல் அமைத்த தறிப்பெட்டியில், அட்டையில் உள்ள துளைகளே சேலையில் பூவாகவும் மயிலாகவும் மலர்கின்றன. அட்டையில் ஒரு துளை இடம் மாறினால் பூ கெடும் என்பதை அறிந்தவர்கள், இரும்பிலும் மரத்திலும் இடும் துளையை மட்டும் கண்ணளவில் விட்டுவிடுவது பொருந்தாது.

முதற் கேள்வி: எதில் துளை?

கடைக்குச் செல்லுமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. துளை விழ வேண்டியது மரத்திலா, இரும்பிலா, சுவரிலா? அதன் விட்டமும் ஆழமும் எவ்வளவு? இத்தகைய வேலை ஆண்டில் எத்தனை முறை வரும்? இம்மூன்றிற்கும் விடை கிடைத்த பின்னரே கருவியைப் பற்றி நினைக்க வேண்டும். இயந்திரத்தை முதலில் வாங்கிவிட்டு எல்லா வேலைகளையும் அதனைக் கொண்டே முடிக்க முயல்வதால்தான் பெரும்பாலான தொல்லைகள் விளைகின்றன.

முதலில் மரத்தை எடுத்துக்கொள்வோம். திருகாணிக்கு வழிசெய்யும் சிறு துளைக்கு மின்சாரமே தேவையில்லை. தமரூசியோ, பல்சக்கரம் வைத்த கைத்துரப்பணமோ போதும். கையால் சுற்றும் கருவி மெதுவாகச் செல்லும். நாம் நிறுத்தினால் அதுவும் நிற்கும். தவறு நேர்ந்தாலும் சிறிய தவறோடு முடியும். வீட்டில் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இதைவிடப் பாதுகாப்பான கருவி இல்லை. திருகாணிக்கான துளை, ஆணியின் மரைகளை நீக்கிய உள்தண்டின் அளவே இருத்தல் வேண்டும். அதற்குப் பெரிதானால் மரை பிடிக்காது. சிறிதானால் மரம் பிளக்கும்.

தறிச்சட்டத்தில் போல்ட்டு செல்லும் பெரிய துளைக்கு மின்கருவி உதவும். மரத்திற்கென்று நடுவில் கூர்முனையும் ஓரங்களில் வெட்டும் முனைகளும் உள்ள பிட் கிடைக்கிறது. அந்த நடுமுனை குறித்த இடத்திலேயே ஊன்றி நிற்பதால் துளை வழுக்கி நகராது. 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளைக்குத் தட்டையான பட்டை பிட்டைப் பயன்படுத்தலாம். துளை வெளியேறும் பக்கத்தில் ஒரு கழிவுப் பலகையை வைத்து இறுக்கினால் மரம் சிம்பு சிம்பாகப் பெயராது. பழைய தறிமரமாயின் உள்ளே முறிந்த ஆணி மறைந்திருக்கக்கூடும். முன்னரே தேடிப் பார்த்து அகற்றுதல் நன்று. ஆணியில் மோதிய பிட் முறிந்து தெறிக்கும்.

நெசவாளர் நினைவிற்கொள்ள வேண்டிய மற்றொன்று உண்டு. மிதிக்கயிறு செல்லும் துளையின் விளிம்பு கூராக இருந்தால், நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை உரசும் கயிறு விரைவில் அறுந்துபோகும். துளையிட்ட பின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து உருட்டிவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை பல மாதக் கயிற்றைக் காக்கும்.

இரும்பில் துளை

ஜக்கார்டுப் பெட்டியை மேலே நிறுத்துவதற்கு இன்று பலர் மரச்சட்டத்திற்குப் பதிலாக இரும்பு ஆங்கிள் சட்டங்களை அமைக்கின்றனர். பெட்டியைத் தூக்க மின்மோட்டார் வைக்கும் வீடுகளில் அதிர்வும் கூடுகிறது. இந்தப் பாரம் முழுவதும் நெசவாளனின் தலைக்கு மேல் இருப்பதால், அந்த இரும்பில் விழும் ஒவ்வொரு துளையும் உயிரோடு தொடர்புடையதாகும்.

10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 11 மில்லிமீட்டர் துளை சரியானது. துளை மிகப் பெரிதானால் போல்ட்டு ஆடும்; ஆட ஆட நட்டு தளரும். துளையின் நடுப்புள்ளி இரும்பின் ஓரத்திலிருந்து, துளை விட்டத்தின் ஒன்றரை மடங்கிற்குக் குறையாத தூரத்தில் இருத்தல் வேண்டும். அதாவது 11 மில்லிமீட்டர் துளையாயின் ஓரத்திலிருந்து 17 மில்லிமீட்டராவது தள்ளி நடுப்புள்ளியைக் குறிக்க வேண்டும். வெல்டிங் நெருப்பால் இரும்பை உருக்கித் துளை செய்வது சிலரின் வழக்கம். அத்துளை கோணலாகவும் பிசிறாகவும் அமையும். தெறிக்கும் பொறி பட்டில் விழுந்தால் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

இரும்பில் துளையிடும் முறை பின்வருமாறு. குறித்த இடத்தில் கூர்முனை உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிச் சிறு குழி செய்க. பிட் அக்குழியில் ஊன்றி நிற்கும். அடுத்து 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு துளை இட்டு, பின்னர் பெரிய பிட்டைச் செலுத்துக. பொருளைப் பட்டறை வைஸில் இறுக்கியோ, கிளாம்ப் கொண்டு பலகையோடு பிணித்தோ வைத்தபிறகே இயந்திரத்தைத் தொடலாம். கையாலும் காலாலும் பிடிக்கும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும்.

அடுத்தது வேகம். பெரிய பிட் மெதுவாகவும், சிறிய பிட் விரைவாகவும் சுழல வேண்டும் என்பது விதி. சாதாரண இரும்பிற்கும் ஹைஸ்பீடு எஃகுப் பிட்டிற்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. 8000 என்ற எண்ணைப் பிட்டின் மில்லிமீட்டர் விட்டத்தால் வகுத்தால், ஒரு நிமிடத்திற்கு எத்தனை சுற்று என்பது ஏறத்தாழக் கிடைக்கும். 5 மில்லிமீட்டர் பிட்டிற்கு 1600 சுற்று. 10 மில்லிமீட்டர் பிட்டிற்கு 800 சுற்று. வீட்டு டிரில் இயந்திரங்கள் பல, விசையை முழுவதும் அழுத்தினால் நிமிடத்திற்கு 2500 சுற்றுக்கு மேல் ஓடுவன. அவ்வேகத்தில் பெரிய பிட்டை இரும்பில் வைத்தால் நுனி சிவந்து, நீலம் பாரித்து, மழுங்கிவிடும். ஆகவே விசையின் அழுத்தத்திற்கேற்ப வேகம் மாறும் இயந்திரத்தையே வாங்குதல் வேண்டும். எவர்சில்வருக்கு மேற்சொன்ன வேகத்தில் பாதிக்கும் குறைவே போதுமானது.

இடையிடையே ஒரு துளி எண்ணெய் விடுக. சுருள் சுருளாகத் துகள் வெளிவந்தால் வேலை நன்கு நடக்கிறது என்று பொருள். பொடியும் புகையும் வந்தால் பிட் மழுங்கிவிட்டது அல்லது வேகம் மிஞ்சிவிட்டது. மறுபுறம் திறக்கும் தறுவாயில் அழுத்தத்தைத் தளர்த்துக. இரும்பைப் பிட் கவ்விக்கொள்வது அக்கணத்தில்தான். மெல்லிய தகடாயின் இரண்டு பலகைகளுக்கு இடையே வைத்துத் துளையிடுதல் நன்று.

சுவரும் தரையும்

மரத்திற்கும் இரும்பிற்கும் ஆன பிட் சுவருக்கு ஆகாது. சுவருக்குரிய பிட்டின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான துண்டு பதிக்கப்பட்டிருக்கும். செங்கற் சுவருக்கு, சுழற்சியோடு மெல்லிய தட்டும் சேர்ந்த இம்பாக்ட் டிரில் போதுமானது. கான்கிரீட் தூணிலும் தளத்திலும் அடிக்கடி துளையிட வேண்டியிருந்தால் ரோட்டரி ஹாமர் என்ற வேறுவகை இயந்திரம் வேண்டும். அதில் உள்ளிருக்கும் சம்மட்டியே வேலையைச் செய்வதால் நாம் பலங்கொண்டு அழுத்த வேண்டியதில்லை. ஆயின் அது கனமானது, விலையும் அதிகம், நான்கு துளைக்காக ஒரு குடும்பம் அதனை வாங்குவது வீண் செலவாகும்.

ஓடு, டைல்ஸ், கடப்பைக்கல் ஆகியவற்றில் தட்டும் விசையை நிறுத்திவிட்டு மெதுவாகச் சுழற்ற வேண்டும். இல்லையேல் கல் விரிசல் காணும். மண்சுவரில் பிளாஸ்டிக் முளை நில்லாது. அங்கே பாரத்தைச் சுவரில் தொங்கவிடாமல் தரையில் சட்டம் ஊன்றி நிறுத்துவதே தக்கது. ஸ்விட்ச் பெட்டிக்கு நேர்மேலும் நேர்கீழும் சுவருக்குள் மின்கம்பி ஓடும் என்பதை நினைவிற்கொண்டு, அவ்விடங்களில் துளையிடாதிருக்க வேண்டும். சுவர்த்தூசி நுரையீரலுக்குக் கேடு; மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அவசியம்.

உழவர் கவனத்திற்கு

பி.வி.சி. குழாயில் துளையிடும்போது பிட் திடீரென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், குழாயும் கீறும். வேகம் குறைவாகவும் அழுத்தம் மிகக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். சொட்டுநீர்ப் பாசனக் குழாய்க்குத் துளையிடும்போது, ரப்பர் வளையத்தை விற்கும் நிறுவனத்தார் குறிப்பிடும் அளவுப் பிட்டையே பயன்படுத்த வேண்டும். அரை மில்லிமீட்டர் பெரிதானாலும் வளையம் இறுகாது; பருவம் முழுவதும் நீர் கசியும். துளையிட்ட சீவல் குழாய்க்குள் விழுந்திருக்கும். குழாயின் கடைசி மூடியைத் திறந்து நீரை ஓடவிட்டு அதனை வெளியேற்றாவிடில் சொட்டுவாய்கள் அடைபடும்.

நிலத்திற்குச் சென்று செய்யும் வேலைக்குக் கம்பியில்லாத மின்கலக் கருவி மிக ஏற்றதாகும். 12 வோல்ட்டு, 18 வோல்ட்டு மின்கலத்தால் இயங்கும் கருவியில், ஈரமண்ணில் நிற்பவனுக்கு வீட்டு மின்சாரத்தால் நேரும் அபாயம் இல்லை. ஆனால் அதன் மின்கலத்தை வைக்கோற்போர் அருகிலோ பட்டுநூல் வைத்த அலமாரி அருகிலோ வைத்து இரவு முழுவதும் சார்ஜ் செய்தல் கூடாது.

மின்சாரத்தில் விழிப்பு

நம் வீடுகளில் வரும் மின்சாரம் 230 வோல்ட்டு. குழித்தறியில் வேலை செய்வோர் வெறுங்காலோடு மண்தரையில் நிற்பவர்கள். மழைக்காலத்தில் தறிக்குழி ஈரமாகவே இருக்கும். இந்நிலையில் பழுதுற்ற ஒரு கம்பியே உயிரைக் குடிக்கப் போதும். ஆதலின் குழிக்குள் நின்றுகொண்டு மின்கருவியை இயக்குதல் ஒருபோதும் ஆகாது. ரப்பர் செருப்பணிந்து, உலர்ந்த பலகையின்மேல் நின்று வேலை செய்க.

கருவியின் பெயர்த்தகட்டில் ஒரு சதுரத்திற்குள் மற்றொரு சதுரம் வரைந்திருந்தால், அக்கருவிக்கு இரட்டைக் காப்பு உண்டு என்பது பொருள். அதற்கு எர்த் கம்பி தேவையில்லை. அக்குறி இல்லாத கருவிக்கு மூன்று முள் பிளக்கும், நல்ல எர்த்தும் இன்றியமையாதவை. மூன்றாவது முள்ளை வெட்டிவிட்டுச் செருகுவதும், பிளக்கே இன்றிக் கம்பியின் நுனிகளைத் துளையில் சொருகித் தீக்குச்சியால் அடைப்பதும் உயிரைப் பணயம் வைப்பதாகும். நீட்டுக்கம்பிப் பெட்டியும் பிளக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றவையாக இருக்கட்டும்.

வீட்டு மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பானை மின்பணியாளரைக் கொண்டு பொருத்திக்கொள்ளுதல் மிக நன்று. மின்சாரம் உடலின் வழியே தரைக்குக் கசியத் தொடங்கினால் அது நொடிக்கும் குறைந்த நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்தி, அது விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவேளை யாருக்கேனும் அதிர்ச்சி ஏற்பட்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை நிறுத்துக. பிறகு 108-ஐ அழைக்க.

பாவைக் காப்பது எப்படி?

தறிவீட்டில் துளையிடுவோருக்கு மற்றத் தொழிலாளருக்கு இல்லாத ஒரு பொறுப்பும் உண்டு. தறியில் ஏற்றிய பாவு பெரும்பாலும் சங்கத்தினுடையதோ, முதலாளியினுடையதோ ஆகும். ஓர் இரும்புச் சுருள் அதில் விழுந்தால் இழைகளை அறுக்கும். கண்ணுக்குத் தெரியாத துகள் தங்கினால் ஈரம்பட்டுத் துருப்பிடித்துச் சேலையில் கறை விடும். வெட்டெண்ணெயின் ஒரு துளி வெளிர் நிறப் பட்டைப் பாழாக்கும்.

ஆகவே கழற்றக்கூடிய எதனையும் கழற்றி, வாசலிலோ கொல்லையிலோ வைத்துத் துளையிடுக. தறியிலேயே செய்தாக வேண்டியிருப்பின் பாவையும் நெய்த துணியையும் கெட்டித் துணியால் முழுதும் மூடி, வேலை முடிந்ததும் அத்துணியை உள்நோக்கி மடித்து வெளியே கொண்டுபோய் உதறுக. துகளை வாயால் ஊதுவதும் கையால் துடைப்பதும் கூடாது, தூரிகையால் தள்ளுக.

நூல் விஷயத்தில் மற்றோர் அபாயமும் உண்டு. சுழலும் பிட்டின் அருகே ஒரு நூற்கண்டின் நுனி தொட்டால் போதும்; அது கண்ணிமைக்குமுன் சுற்றிக்கொண்டு, கண்டையும், அதனைப் பிடித்திருக்கும் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். தோளில் தொங்கும் துண்டு, வேட்டி முனை, சேலைத் தலைப்பு, பின்னாத கூந்தல், வளையல், கையிற் கட்டிய கயிறு ஆகிய எல்லாம் அவ்வாறே. கையுறை பாதுகாப்புத் தரும் என்று பலர் எண்ணுகின்றனர். சுழலும் கருவிக்கு அது பகையாகும். கையுறையின் நுனி சிக்கினால் விரலும் உடன் செல்லும். கண்ணாடி மட்டும் கட்டாயம். கண்ணிற் பாயும் இரும்புத் துகளுக்குப் பின் நெசவு இல்லை.

பிட்டை மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்குக. சக்கு சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு விசையை அழுத்தினால் அது அம்புபோல் பாயும். விசையை நிலையாகப் பூட்டும் பொத்தானைக் கையிற் பிடித்துச் செய்யும் வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். பிட் சிக்கிக்கொண்டால் கையை எடுத்தவுடன் இயந்திரம் நிற்க வேண்டும். பெரிய துளைக்குப் பக்கப் பிடியைப் பொருத்தி இரு கைகளாலும் பிடிக்க வேண்டும்.

எதனை வாங்குவது, எதனைப் பகிர்வது?

மேற்கூறியவற்றை எண்ணிப் பார்த்தால் ஒரு வீட்டிற்குத் தேவையானவை மிகச் சிலவே. ஒரு கைத்துரப்பணம், ஒரு தமரூசி, ஒரு சிறு வைஸ், இரண்டு கிளாம்ப், ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையுள்ள நல்ல பிட்டுகள் நான்கைந்து. வேலை அதிகமுள்ளவர்கள் 10 மில்லிமீட்டர் சக்கு உள்ள, வேகம் மாறக்கூடிய ஒரு சிறு மின்கருவி வைத்துக்கொள்ளலாம். நூறு உருப்படிகள் அடங்கிய மலிவுப் பெட்டியைக் கண்டு மயங்க வேண்டாம். அவற்றுள் பெரும்பாலானவை ஒரு முறையும் பயன்படா. பயன்படுபவை விரைவில் மழுங்கும். கூரிய பிட் நான்கு இருப்பது மேல். கூர்மையான கருவியே பாதுகாப்பான கருவி. மழுங்கியது அழுத்தத்தைக் கேட்கும். அழுத்தம் வழுக்கலைத் தரும். வழுக்கல் காயத்தைத் தரும்.

13 மில்லிமீட்டர் இயந்திரம், ரோட்டரி ஹாமர், பெரிய பிட்டுகள், மேசைமேல் நிறுத்தும் துளை இயந்திரம் ஆகியவை சங்கத்தில் இருக்க வேண்டியவை. இந்நாட்டின் கூட்டுறவு இயக்கத்திற்கு முன்னோடியாகத் தமிழகத்தின் திரூரில் 1904-இல் சங்கம் அமைத்தவர்கள், தனியொருவரால் இயலாததைப் பலர் சேர்ந்து செய்யலாம் என்ற எண்ணத்தையே மூலதனமாகக் கொண்டார்கள். இன்று தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் உழவு இயந்திரத்தை வாடகைக்குக் கொடுக்கும் வழக்கம் உள்ளது. அதே முறையை நெசவாளர் சங்கங்கள் ஒரு கருவிப் பெட்டிக்கும் கைக்கொள்ளலாகாதா?

அதற்கு வேண்டுவன எளியவை. பொறுப்பாளர் ஒருவர், எடுத்தவர் பெயரும் திரும்பிய நாளும் எழுதும் ஒரு பேரேடு, சிறு வாடகை, அவ்வாடகையிலிருந்து மழுங்கிய பிட்டைத் தீட்டவும் கம்பியைப் புதுப்பிக்கவும் ஒரு நிதி. கருவி திரும்பி வரும்போதெல்லாம் கம்பி, பிளக், விசை மூன்றையும் பொறுப்பாளர் சோதித்து ஒப்பமிட வேண்டும். கண்ணாடியும் கிளாம்ப்பும் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் கொடுப்பதில்லை என்று ஒரு விதி வைக்கலாம். ஐ.டி.ஐ. படித்த இளைஞர் நம் அங்கத்தினர் குடும்பங்களில் இருப்பர். அவர்களைக் கொண்டு ஆண்டிற்கு இருமுறை, ஒரு விடுமுறை நாளில், மரத்திலும் இரும்பிலும் துளையிட்டுக் காட்டும் பயிற்சி நடத்தலாம். பெண்களும் அதில் கலந்துகொள்ள வேண்டும். தறியில் சரிபாதி உழைப்பு அவர்களுடையதாயிற்றே.

இரவல் வாங்கிய ஓர் இயந்திரம் என் கையில் விட்டுச்சென்ற தழும்பு, முடிச்சிடும்போதெல்லாம் இன்றும் சற்றே இழுக்கிறது. அன்று அதனோடு ஒரு கிளாம்ப்பும், ஒரு கூரிய பிட்டும், "பொழுது விடிந்தபின் செய்" என்று சொல்லும் ஒரு பொறுப்பாளரும் கிடைத்திருந்தால் அந்தச் சேலை உரிய நாளில் மணமேடைக்குப் போயிருக்கும். துளையைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுப்போம்; கருவியை எடுத்துவிட்டோமே என்பதற்காகத் துளையிட வேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் சங்கத்தின் கருவிப் பெட்டியைப் பற்றிய தீர்மானத்தை அங்கத்தினர் எவரேனும் முன்மொழிவாராயின், அதனை வழிமொழிய முதலில் எழும் கை இத்தழும்புள்ள கையாகவே இருக்கும்.